லீவு முடிஞ்சு திரும்பினா கை நடுங்குது!

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, நீண்ட விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்புவதைப் பற்றியவை. மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் அதிக இடம் போகும், ஏனென்றால் அந்த கேஷ் கவுண்டருக்குப் பின்னால் நானும் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன், பிறகு கிளை மேலாளராகவும் இருந்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் மேடம். கும்பகோணம் பக்கம் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கிளார்க்காக இருக்கிறேன். வயது 32. போன வருடம் மார்ச்சில் குழந்தை பிறந்தது, குறைமாதம், பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைச்சல். மகப்பேறு விடுப்பு முடிந்தும் சேர முடியவில்லை. இருந்த லீவை எல்லாம் போட்டு, அதுவும் தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பில் இருந்துவிட்டு இந்த ஏப்ரலில்தான் சேர்ந்தேன். இரண்டாவது நாளே கேஷில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் 180 ரூபாய் குறைந்தது, கையிலிருந்து போட்டேன். பணம் பெரிய விஷயமில்லை மேடம், ஆனால் மேலாளர் கஸ்டமர்கள் இருக்கும்போதே "எல்லாம் மறந்துபோச்சா மேடம்?" என்று கேட்டுவிட்டார். லீவுக்கு முன்னால் எங்கள் கிளையிலேயே நான்தான் வேகம். இப்போது பக்கத்து கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த 24 வயதுப் பெண் படபடவென்று முடிக்கிறாள், அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ராத்திரி குழந்தைக்காக எழுந்து எழுந்து படுத்துவிட்டு காலையில் பஸ் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. என் மூளை மழுங்கிவிட்டதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 180 ரூபாய் என்று படித்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது, உங்களைப் பார்த்து இல்லை, அந்த எண்ணைப் பார்த்து. கேஷில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 200-லிருந்து 20-ஐக் கழித்துப் பாருங்கள், 180. புது 200 ரூபாய் நோட்டு மஞ்சள், புது 20 ரூபாய் நோட்டு பச்சை கலந்த மஞ்சள், டியூப் லைட் வெளிச்சத்தில், நோட்டுக் கட்டின் ஓரம் மட்டும் தெரியும்போது, இரண்டும் கை மாறிப் போவது சகஜம். இல்லையென்றால் 5,240 என்று சிலிப்பில் இருந்ததை 5,420 என்று சிஸ்டத்தில் அடித்திருப்பீர்கள், அதுவும் 180-தான். எண்களை இடம் மாற்றிப் போட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும், பழைய கேஷியர்கள் பணம் குறைந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கையிலிருந்து பணத்தைப் போடுவதற்கு முன் அன்றைய வவுச்சர்களை ஒரு முறை புரட்டியிருந்தால் காரணம் கிடைத்திருக்கலாம். இனி அப்படிச் செய்யுங்கள். காரணம் தெரியாத குறைவுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். காரணம் தெரிந்துவிட்டால் அது வெறும் 180 ரூபாய்.

மூளை மழுங்கவில்லை. தூக்கமில்லாத மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும், அது யாருடையதாக இருந்தாலும். அதோடு நீங்கள் இல்லாத நேரத்தில் வங்கியே கொஞ்சம் மாறியிருக்கிறது, இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்று நினைக்கிறேன். 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் தொடர்ச்சியாக நடக்கிறது, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை செக் வர வர ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், முன்பு போல மொத்தமாகச் சேர்த்து அனுப்பிவிட்டு மறுநாள் பார்ப்பது கிடையாது. நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நகைக்கடனில் இந்த ஏப்ரல் 1-லிருந்து புது விதி: கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை என்றால் 80, அதற்கு மேல் 75. ஆக, "நான் மறந்துவிட்டேன்" என்று நீங்கள் நினைப்பதில் பாதி, உங்களுக்கு யாருமே சொல்லித்தராத விஷயம். தெரியாததை எப்படி மறக்க முடியும்? இந்த இரண்டையும் மனசில் பிரித்து வையுங்கள். கை மறந்தது தனி, புதிதாக வந்தது தனி. கை மறந்தது உட்கார்ந்தால் தானே திரும்பும். புதிதாக வந்ததை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், அதைக் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை.

யாரிடம் கேட்பது? அந்த 24 வயதுப் பெண்ணிடம்தான். அவள் எல்லா சர்க்குலரையும் படித்திருக்க மாட்டாள், ஆனால் சிஸ்டத்தில் எந்த மெனு எங்கே போயிற்று என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கவுண்டரில் ஆள் நிற்கும்போது குனிந்து கிசுகிசுவென்று கேட்காதீர்கள், அதில்தான் கூச்சம் அதிகம். காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன் கால் மணி நேரம் போய், "நான் ஒரு வருஷம் இல்லம்மா, இந்த நாமினேஷன் ஸ்க்ரீன் மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஸ்க்ரீன் போதும். பதிலுக்கு அவளுக்குத் தெரியாதது உங்களிடம் நிறைய இருக்கிறது. நோட்டைத் தடவிப் பார்த்தே சந்தேகப்படுவது, கோபமாக வரும் பென்ஷன்காரரை உட்கார வைத்துப் பேசுவது, ஒரே பரிவர்த்தனையில் நாலு கள்ள நோட்டு வரை வந்தால் போலீசுக்கு மாதாந்திர அறிக்கை, அஞ்சு வந்தால் எஃப்.ஐ.ஆர். என்ற கணக்கு, இதெல்லாம் சீக்கிரமே அவள் உங்களிடம் கேட்கத்தான் போகிறாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். விடுப்பிலிருந்து வந்தவர்களுக்கு யூசர் ஐடி முடங்கிக் கிடக்கும், திரும்ப உயிர்ப்பிக்க நாளாகும், அப்போது "மேடம், என் ஐடியிலேயே போட்டுடுங்க" என்று யாராவது நல்ல மனசோடு சொல்வார்கள். கூடவே கூடாது. அடுத்தவர் ஐடியில் நீங்கள் போட்டாலும் தப்பு, உங்கள் ஐடியில் அடுத்தவர் போட்டாலும் தப்பு. கிளையில் வரும் பெரிய வில்லங்கங்கள் பலவும் இந்த உதவியில்தான் ஆரம்பித்திருக்கின்றன. ஐடி வரும்வரை பாஸ்புக் பிரிண்டிங், கே.ஒய்.சி. பேப்பர் வாங்குவது என்று இருங்கள்.

கேஷுக்கு வருகிறேன். வேகத்தை மறந்துவிடுங்கள், இப்போதைக்கு ஒழுங்குதான் முக்கியம், வேகம் அதற்குப் பின்னால் வந்துவிடும். பணம் வாங்கும்போது முதலில் சிலிப்பில் எண்ணும் எழுத்தும் ஒன்றா என்று பார்த்து, அப்புறம் நோட்டைத் தொடுங்கள். மெஷினில் இரண்டு முறை போடுங்கள், கட்டைப் பிரித்து, ஓரத்தை மட்டும் பார்க்காமல் முகத்தைப் பார்த்து. அந்தப் பணம் டிராயரில் அதனதன் இடத்துக்குப் போகும் வரை அடுத்தவர் சிலிப்பைக் கையில் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நீட்டினாலும் சரி. 200-ஐயும் 20-ஐயும் டிராயரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைக்காதீர்கள், நடுவில் 100 இருக்கட்டும். கொடுக்கும்போது "எவ்வளவுங்க?" என்று வாய்விட்டுக் கேட்டு, அவர் சொன்ன பிறகு எண்ணுங்கள். ரொம்ப முக்கியமாக, சாப்பிடப் போவதற்கு முன் ஒரு முறை டேலி, அதாவது கையிலிருக்கும் பணமும் சிஸ்டத்துக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று, பார்த்துவிடுங்கள். மதியமே வித்தியாசம் தெரிந்தால் காலையில் வந்த வவுச்சரில் மட்டும் தேடினால் போதும், சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் முழு நாளையும் புரட்ட வேண்டாம். மத்தியானம் ஒரு தடவை டேலி ஆகிவிட்டது என்று தெரிந்தாலே மீதி நேரம் கை தானாக நிதானமாகிவிடும், இதை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மேலாளர். கஸ்டமர் முன்னால் அப்படிக் கேட்டது தப்பு, ஒரு வருடம் கழித்து வந்தவரை இரண்டாம் நாளே கேஷில் தனியாக உட்கார வைத்தது அதைவிடத் தப்பு. ஆள் பற்றாக்குறை எல்லாக் கிளையிலும் இருக்கிறது, அதற்காக இப்படியா? கோபத்தோடு போகாதீர்கள், அழுகையோடும் போகாதீர்கள். மாலை கூட்டம் குறைந்ததும் கேபினுக்குப் போய், "சார், ரெண்டு வாரம் கேஷ் இல்லாத கவுண்டர் குடுங்க, இந்தத் தேதியிலேருந்து கேஷ் எடுத்துக்கறேன். முதல் வாரம் சாயங்காலம் டேலி பண்ணும்போது ஹெட் கேஷியர் கூட இருந்தா போதும்" என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். தேதி இல்லாமல் "கொஞ்ச நாள்" என்று சொன்னால் அவர் காதில் "எனக்கு முடியாது" என்றுதான் விழும். அந்தத் தேதியில் நீங்களே போய் கேஷில் உட்காருங்கள், அவர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். மறுபடி எல்லார் முன்னாலும் ஏதாவது சொன்னால், "சார், உள்ள பேசலாமா" என்ற ஒரு வரி போதும்.

குழந்தைக்கு இப்போது 13 மாதம்தானே? 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்திலேயே உண்டு, சாப்பாட்டு இடைவேளை போக. 1961-ம் வருடத்து பேறுகால நலச் சட்டத்தில் இருந்தது, இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வீடு பக்கத்தில் இல்லாவிட்டாலும், பால் எடுத்து வைக்கவோ, பத்து நிமிடம் அம்மாவுக்கு போன் போட்டுக் குழந்தை சாப்பிட்டதா என்று கேட்கவோ அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். சலுகை கேட்கிறோம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் போலீசாருக்கு மூன்று வருடம் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் பக்கமே பணி தருவதாக 2024 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. திரும்பி வருகிற பெண்ணுக்கு நிறுவனமும் கொஞ்சம் இறங்கி வரவேண்டும் என்பது காக்கிச் சட்டைத் துறைக்கே புரிந்திருக்கும்போது வங்கிக்குப் புரியாமல் போகாது, நாம் கேட்க வேண்டும்.

ராத்திரி விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். குறைந்தது வாரத்தில் மூன்று ராத்திரி அவர் எழுந்துகொள்ளட்டும், அவரும் அப்பாதானே. அப்படித் தூங்கியும் காரணமில்லாத அழுகை, எதிலும் ஒட்டாமை, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராமை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வேலைப் பயம் மட்டும் இல்லை, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்கவே வேண்டாம். கிளார்க் தேர்வுக்கு வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 28, தளர்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு தடவை வெளியே போனால் திரும்பி வருவது லேசில்லை. தீபாவளி வரை இருங்கள். அதற்குப் பிறகும் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பேசலாம்.

கேள்வி: வணக்கம் அம்மா. வயது 41. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. டர்னிங் ஆபரேட்டர், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷினை ஓட்டுபவன். முதல் ஷிப்டுக்கு பைக்கில் போகும்போது லாரி உரசி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து ஃபிட் சர்டிஃபிகேட்டோடு போயிருக்கிறேன். சைக்கிள் ஸ்டார்ட் பட்டனில் விரல் வைத்தால் அமுக்க வரவில்லை. டூல்கள் மாட்டிய டர்ரெட் வேகமாக இறங்கும்போது உடம்பு தானாகப் பின்னால் போகிறது. என்னிடம் வேலை கற்ற பையன் இப்போது என் மெஷினில் நிற்கிறான். ஃபோர்மேன் என்னை டீபரிங் (பிசிறு எடுப்பது), பேக்கிங் என்று ஓரமாகப் போட்டுவிட்டு "கொஞ்ச நாள் இருங்கண்ணே" என்கிறார். இ.எஸ்.ஐ.யில் மூன்று மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மெஷினை மறுபடி தொடுவேனா?
— வாசகர், திருமுல்லைவாயல்

பதில்: தொடுவீர்கள் தம்பி. இதற்குப் பதில் எழுத, ஷாப் ஃப்ளோரில் பல வருடம் சூப்பர்வைசராக இருக்கும் என் உறவினரிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் முதலில் சொன்னது: "பயப்படுறவன் மெஷினை உடைக்க மாட்டான், அவனை ஓரமா உட்கார வெச்சுத்தான் கெடுக்கிறோம்."

ஒரு புது ஜாபுக்கு புரோகிராம் ஏற்றும்போது என்ன செய்வீர்களோ அதையே இப்போதும் செய்யச் சொல்கிறார். நன்றாகத் தெரிந்த பழைய பார்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பல தடவை ஓட்டியதாக இருக்க வேண்டும். பீஸைப் பிடிக்கும் சக்கில் மெட்டீரியல் இல்லாமல் சும்மா ஓட்டிப் பார்க்கும் ஒரு டிரை ரன். அப்புறம் சிங்கிள் பிளாக்கில் போட்டு, டூல் பாயும் வேகத்தைக் குறைக்கும் ரேபிட் ஓவர்ரைடை 25 சதவீதத்துக்கு இறக்கி, ஒரு கை நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பட்டன் மேலேயே இருக்க, வரி வரியாக சைக்கிள் ஸ்டார்ட் கொடுங்கள். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் மெஷின் நிற்கும், நீங்கள் அமுக்கினால்தான் அடுத்த வரிக்குப் போகும். டர்ரெட் எங்கே வந்து நிற்கப்போகிறது என்பதைத் திரையில் மீதி தூரத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். சொன்ன இடத்தில் அது வந்து நிற்கும்போது உடம்புக்கும் புரிய ஆரம்பிக்கும். முதல் பீஸை மைக்ரோமீட்டரில் நீங்களே அளந்து, குவாலிட்டி ஆளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஓவர்ரைடை ஏற்றுவதெல்லாம் அடுத்த நாள், அதற்கடுத்த நாள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு மணி நேரம் மெஷின் கேளுங்கள், உற்பத்தி கெடாது என்று தெரிந்தால் ஃபோர்மேன் மறுக்க மாட்டார். அந்தப் பையனையே பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஏழு மாதத்தில் இன்சர்ட் (வெட்டும் முனை) மாறியிருக்கும், ஆஃப்செட் (டூலுக்கான அளவுத் திருத்தம்) மாறியிருக்கும், அவன் சொல்லட்டும். குருவிடம் சொல்லித்தர எந்தப் பையனும் சந்தோஷப்படுவான்.

ஆனால் பயத்தையும் பலக்குறைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சக் ஜா மாற்றும்போது ஆலன் கீயை இறுக்கப் பிடி வருகிறதா? கனமான பீஸை வலது கையால் தூக்கி லோடு செய்ய முடிகிறதா? முடியவில்லையென்றால் அதைத் தைரியத்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஃபிசியோதெரபிஸ்டிடம் என்ன வேலை, எவ்வளவு எடை என்று சொல்லி அதற்கேற்ற பயிற்சி கேளுங்கள், அதுவரை லைட் ஜாப் மட்டும் எடுப்பதாக ஃபோர்மேனிடம் சொல்லிவிடுங்கள்.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது முழுதாகக் கிடைக்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறேன். மூன்று மாதத்தோடு நின்றது என்றால் அதைச் சாதாரண நோய்க்கால உதவியாகப் பதிவு செய்திருப்பார்கள், அது 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தையும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், பணியிடக் காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2010-லேயே திருத்தம் வந்துவிட்டது. அப்படிப் பதிவானால் வேலைக்குப் போக முடியாத நாள் முழுக்க 90 சதவீதம், மணிக்கட்டில் நிரந்தரக் குறை இருந்தால் மெடிக்கல் போர்டு பார்த்து மாதாமாதம் தனி உதவித்தொகை. கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள், எஃப்.ஐ.ஆர். நகல், அன்றைய ஷிப்ட் விவரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

பைக்கை இப்போதைக்கு விடுங்கள். திருமுல்லைவாயலிலிருந்து அம்பத்தூருக்கு லோக்கல் ரயில் இருக்கிறதே. ரோட்டில் நடுங்கிக்கொண்டே வந்து அதே கையோடு மெஷின் முன்னால் நிற்க வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. எங்களோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து அடுத்த மாதம் திரும்புகிறார். எப்படிப் பேசுவது, என்ன செய்வது என்று ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தெரியவில்லை. பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது.
— வாசகி, விழுப்புரம்

பதில்: கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. பத்தாம் வகுப்பை அவரைக் கேட்காமல் எடுத்தால் அதைவிடப் பெரிய அடி வேறு இல்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்வீர்கள், ஆனால் "இவரால் இனி முடியாது" என்று பள்ளிக்கூடமே சேர்ந்து முடிவு செய்தது போல அவருக்கு இருக்கும். இப்போதே போன் போட்டு அவரிடமே கேளுங்கள், "டென்த் நீங்களே எடுக்கறீங்களா, முதல் ஒரு மாசம் யாராவது பாதி பார்க்கட்டுமா?" என்று. முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதம் அசதி இருக்கும், வெளியே தெரியாது. அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி ரொம்ப நேரம் போர்டில் எழுதுவது சிரமம், அந்தக் கையில் கனமான நோட்டுக் கட்டைத் தூக்குவதும் சிரமமாக இருக்கலாம். அதனால் தலைமை ஆசிரியரிடம் பேசி அவர் வருவதற்கு முன்பே டைம் டேபிளைச் சரிசெய்யுங்கள்: தரைத்தள வகுப்பு, தொடர்ந்து மூன்று பீரியட் வராமல் நடுவில் ஒன்று காலி. நோட்டுக் கட்டைக் கொண்டுவர வகுப்பிலேயே இரண்டு பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம் எதைச் சொல்லலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடியைப் பற்றியும் உடம்பு இளைத்ததைப் பற்றியும் யாரும் பேச வேண்டாம். தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி வந்து என்ன ஆனது என்ற கதையும் வேண்டாம், இதை ஸ்டாஃப் ரூமில் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், கட்டாயம் யாராவது ஆரம்பிப்பார்கள். "வாங்க டீச்சர், லெவன்த் போன நம்ம பசங்க உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்று சொல்லி, டைம் டேபிளைக் கையில் கொடுங்கள்.